வாய்விட்டு யோசிப்பவள்

ஸ்ரீவித்யாவுக்குக் கம்ப்யூட்டர் கோட் எழுதுவதில் பயமே கிடையாது. பதினைந்து வருஷமாக எழுதுகிறாள். வேலை போன பிறகு இந்தப் புனேயில் இன்டர்வியூவுக்கு இன்டர்வியூ அவளைக் கவிழ்த்தது ஒரே ஒரு வாக்கியம்தான்: "யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள்." என்ன வழக்கமோ இது! இங்கிலீஷில் பேச ஆரம்பித்தால் அவளுக்கு யோசனை நின்றுவிடும். யோசிக்க ஆரம்பித்தால் வாய் மூடிக்கொள்ளும். விடை சரியாக இருந்தும் இரண்டு கம்பெனிகள் 'பேசத் தெரியவில்லை' என்று அனுப்பிவிட்டன. குடியிருக்கும் விஷ்ராந்த்வாடியில் வாயாடி என்று பெயரெடுத்தவளைப் போய்!

இன்று மகர்பட்டாவில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் மூன்றாவது இன்டர்வியூ. எதிரே மேனேஜர் கேதகி. சுவர்த்திரையில் கேள்வி கேட்க இன்னொருவர், கேமராவை அணைத்துவிட்டு, பெயர்கூட இல்லாமல் வெறும் கறுப்புக் கட்டமாக இருந்தார்.

ஒரே ஆர்டரை இரண்டு தடவை பதிவு செய்துவிடுகிற ப்ரோக்ராம் ஒன்றைத் திருத்தச் சொன்னார்கள். ஸ்ரீவித்யா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. இதுவும் போச்சு என்று நினைத்தாள்.

கேதகி நல்ல மனுஷி. "உங்கள் பாஷையிலேயே பேசுங்கள். எனக்குப் புரியாது, நீங்கள் எழுதும் கோட் போதும்," என்றாள் இங்கிலீஷில்.

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. ப்ரோக்ராமோடு தமிழில் சண்டை பிடிக்க ஆரம்பித்தாள்.

"எங்கேடா ஓடறே? ஆர்டர் வந்தாச்சு, பதில் போறதுக்குள்ள லைன் கட். போய்ச் சேரலைன்னு நினைச்சு ஆர்டர் போட்டவன் மறுபடி அனுப்பறான். நீ அதையும் வாங்கிப் போட்டுக்கறே, அசடு. முதல்ல ஆர்டர் நம்பரைப் பாரு. ஏற்கனவே வந்ததா? அப்போ பழைய பதிலையே குடு." விரல்கள் பறந்தன. "ஆச்சு. அங்க ஒருத்தர் கேமராவை அணைச்சுட்டு நன்னாத் தூங்கறார். அவர் எழுந்துக்கறதுக்குள்ள டெஸ்ட்டும் போட்டுடலாம்."

"தூங்கலைம்மா," என்றது கறுப்புக் கட்டம்.

கட்டத்தில் முகம் தெரிந்தது. நரைத்த மீசைக்காரர் ஒருவர், கையில் பாதி வடாபாவோடு. "நான் பக்தவத்சலம். மத்தியானம் சாப்பிட நேரமில்லை. அதான் மறைஞ்சுண்டு சாப்பிட்டேன்."

ஸ்ரீவித்யாவுக்கு மானமும் போனது, வேலையும் போனதாகவே தோன்றியது. அவரோ கேதகியிடம் இங்கிலீஷில் சொன்னார்: "இன்றைக்கு வந்த எல்லோருமே சரியாகத்தான் எழுதினார்கள். எப்படி யோசிக்கிறார் என்று முழுசாகக் கேட்டது இவரிடம்தான். திட்டுகூடச் சரியான இடத்தில் விழுந்தது."

கேதகி சிரித்தாள். "எப்போது சேர முடியும்?"

இந்தக் கேள்விக்கு மட்டும் அழகான இங்கிலீஷ் வாக்கியம் ஒன்றை வீட்டிலேயே மனப்பாடம் செய்து வைத்திருந்தாள் ஸ்ரீவித்யா. சந்தோஷத்தில் அது எங்கே போனதோ. "நாளைக்கே வந்துடறேன்," என்றாள்.

கேதகி அர்த்தம் கேட்கவில்லை. எழுந்து கை குலுக்கினாள்.