கருவாடு காய்ந்த தளம்

திவ்யாவின் வேலை கட்டடங்களைத் தட்டிப் பார்ப்பது. பாலமோ பள்ளிக்கூடமோ தண்ணீர்த் தொட்டியோ, வயதாகிவிட்ட எதையும் சுத்தியால் தட்டி, துளை போட்டுப் பொடி எடுத்துச் சோதித்து, இன்னும் தாங்குமா தாங்காதா என்று சொல்லிவிடுவாள். ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்த் தொட்டியில் விழுமாம் துள்ளி. உப்புநீர் ஏரிக்கரையிலுள்ள கோட்டைக்குப்பத்தில், தான் வாழ்க்கைப்பட்ட வீட்டின் கூரையை அவள் ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை.

பார்க்க வைத்தது ஒரு காரைத் துண்டு. மகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து குழந்தையின் தலையணை மேலேயே விழுந்து கிடந்தது. மேலே துருப்பிடித்த கம்பி பல்லை இளித்தது. திவ்யா அன்றே படுக்கையைக் கூடத்துக்கு மாற்றினாள். ஞாயிற்றுக்கிழமை கருவிகளை இறக்கினாள்.

மாமியார் இருசம்மாள் அவள் முந்தானையைப் பிடிக்காத குறையாகப் பின்னாலேயே நின்றாள்.

"இன்னாமே, இடிக்கணுமா?"

"இன்னும் தட்டவே இல்ல அத்தே."

தட்டினாள். கூடத்துக்கு மேலே தளம் கணீரென்றது. படுக்கையறைக்கு மேலே பொத்துப் பொத்தென்றது. பொத்தென்ற இடத்திலெல்லாம் சாக்கட்டியால் வட்டம் போட்டாள். வட்டங்கள் கூடக் கூட இருசம்மாளின் முகம் சுருங்கியது. புருஷன் போனபின் அவளுக்கென்று மிஞ்சியது ஒரு மகனும் இந்தத் தளமும்தான். மகன் சரவணன் பாதி நாள் தண்ணீரில் இருப்பான். தளம்தான் எப்போதும் கூட இருந்தது.

"அத்தே, மறைக்காம சொல்லுங்க. ஏரி மணல் போட்டீங்களா?"

இருசம்மாளுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "யாரப் பாத்துக் கேக்குற? ஆரணி ஆத்து மணலு! குடிக்கிற தண்ணி ஊத்திக் கலந்தாரு உங்க மாமா. தளம் போட்ட அன்னிக்கு ஏரில நம்ம பாடு. மீன் புடிக்கிற மொற நம்மளுக்கு வந்தும் ஒருத்தரும் வலயத் தொடல. குப்பமே வந்து கலவச் சட்டிய கைமாத்திச்சு. அந்தத் தளத்தையா சொல்ற?"

திவ்யா துளை போட்டாள். மேல்புறத்திலிருந்து ஆழம் ஆழமாகப் பொடி எடுத்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனாள். முடிவு வந்தபோது மனதுக்குள் மாமனாரிடம் மன்னிப்புக் கேட்டாள். மணலில் உப்பு இருந்திருந்தால் தளம் முழுக்க ஒரே அளவாக இருந்திருக்கும். இங்கே மேலே மண்டிக்கிடந்தது, கீழே போகப்போகக் குறைந்தது. அதுவும் படுக்கையறைப் பக்கம் மட்டும். உப்பு மாடியிலிருந்து இறங்கியிருக்கிறது.

மறுநாள் காலை மாடி ஏறினாள். இருசம்மாள் அங்கே உப்பில் ஊறிய மடவை மீனைப் படுக்கையறைக்கு மேலே பரப்பிவிட்டு, தொட்டியில் மிஞ்சிய உப்புத் தண்ணீரை ஊற்றி அதைச் சுற்றியுள்ள தரையைத் துடைப்பத்தால் கழுவிக்கொண்டிருந்தாள். மாடியில் கருவாடு காய்வது திவ்யாவுக்குத் தெரியாததா என்ன? தினமும் கண்ணில் படுவதை யார் பார்க்கிறார்கள்!

"இன்னா அத்தே பண்றீங்க?"

"ஊறல் தண்ணிமே. சொம்மா கொட்டுவானேன்? இத ஊத்திக் கழுவினா எறும்பு அண்டாது."

திவ்யாவுக்குத் தலைக்கு ஏறியது. "அந்த உப்புதான் கீழ எறங்கி கம்பியத் தின்னுது! பாப்பா தலைல விழுந்திருந்தா? முன்னெல்லாம் வாசல்லதான காய வெச்சீங்க? மேல கொண்டாரச் சொன்னது யாரு?"

இருசம்மாள் துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்தாள்.

"யாரும் சொல்லல. பாப்பா வயித்துல இருந்தப்ப உனக்குக் கருவாட்டு வாட ஆவல. வாந்தி எடுத்து எடுத்து, பையத் தூக்கினு பொன்னேரிக்கு உங்கம்மாவூட்டுக்குப் போயிட்ட. அதான் மேல ஏத்தினேன். அப்பறம்தான் சரவணன அனுப்பி உன்னக் கூப்ட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கீழ வெச்சா நீ போயிடுவன்னு தெரியும். மேல வெச்சா வூடு போவும்னு எனுக்கு யாரு சொன்னாங்க?"

திவ்யாவுக்கு நினைவு வந்தது. திரும்பி வந்த அன்று வாசல் பளிச்சென்று கோலத்தோடு இருந்தது. வாந்தியும் நின்றது. மசக்கை தீர்ந்ததென்று நினைத்தாள். கருவாடு எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றவில்லை. முட்டிவலிக்காரி ஒருத்தி அத்தனை காலமும் மீன் தொட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியேறியிருக்கிறாள். அதைக் கேட்காமல் மணலைக் கேட்டோமே என்று நொந்துகொண்டாள்.

"இடிக்கணுமா?" என்றாள் இருசம்மாள், மெல்ல.

"வேணாம் அத்தே. கெட்டுப்போனத கொத்தி எடுத்துட்டு, தின்னுபோன கம்பிய மாத்தி, புதுசாப் போட்டு அடச்சிடலாம். அதுவரைக்கும் எல்லாரும் கூடத்துல படுப்போம். மாமா போட்டது நல்ல தளம். இவ்ளோ உப்பு குடிச்சும் தாங்கிச்சே."

இருசம்மாளுக்கு மூச்சு வந்தது. "அப்ப கருவாட்ட வுட்டுடறேன்."

திவ்யா மீனை வாரித் தொட்டியில் போட்டு, தொட்டியைத் தன் இடுப்பில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினாள். வாசலில், தன் ஜன்னலுக்கு எதிரே நாலு கழி நட்டு, பழைய வலையை இழுத்துக் கட்டி அதன்மேல் பரப்பினாள்.

"அங்க வேணாம்மே! வாட நேரா உன் மூக்குக்குத்தான் வரும். வேலியாண்ட வெச்சிக்கிறேன்."

"வேலியாண்ட வெயில் ஏது? இங்கியே காயட்டும்."

ஏரிக்காற்று எழுந்தது. வாடை குப்பென்று அறைக்குள் நுழைந்தது. வேலைக்குக் கிளம்ப, திவ்யா உள்ளே தலை வாரிக்கொண்டிருந்தாள். ஜன்னலை அவள் சாத்தவில்லை. வாசலில் உட்கார்ந்து காக்கை ஓட்டிக்கொண்டிருந்த இருசம்மாளோ மீனைவிட மருமகளின் முகத்தைத்தான் அதிகம் பார்த்தாள்.

"இன்னா அத்தே அப்டிப் பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல. இருக்கியான்னு பாத்தேன்."

"இருக்கேன். போன வாரத்து மடவை ரெண்டு எடுத்து, கத்திரிக்கா போட்டுக் கொழம்பு வைங்க. சாயங்காலம் வந்து சாப்புடறேன்."