செண்டாய் வண்டியைப் பிடித்த கதை

இருபத்திரண்டு வருடமாக நான் ஒகேகாவாவிலிருந்து தோக்கியோவுக்கு ரயிலில் வேலைக்குப் போய் வருகிறேன். தினமும் ஏழு பன்னிரண்டு வண்டி, ஐந்தாவது பெட்டி, மூன்றாவது கதவு. வண்டி மாற வேண்டிய ஓமியாவில் அந்தக் கதவு திறந்தால் நேர் எதிரே படிக்கட்டு இருக்கும். நாற்பது நொடியில் மேலே போய்விடுவேன். இந்தப் பாதையில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று ஆபீஸில் பலமுறை பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

போன டிசம்பரில், மாடியில் மெத்தை காயப்போடும்போது சறுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டேன். மூன்று வாரம் வீட்டில் கிடந்தேன். மாவுக்கட்டோடு முதல் முறையாக வெளியே கிளம்பியது செண்டாயில் ஒரு வாடிக்கையாளரைப் பார்ப்பதற்காக. ஓமியாவில் ஒன்பது முப்பத்தொன்றுக்குப் புல்லட் ரயில். ஒகேகாவாவில் எட்டு மணி வண்டியில் ஏறிவிட்டால் தாராளமாக நேரம் இருக்கிறது.

இரண்டு பக்கமும் ஊன்றுகோலோடு என் வழக்கமான பெட்டிக்குள் நுழைய முடியவில்லை. ஒரு ஊழியர் வேறு பெட்டியின் கோடியைக் காட்டினார். அங்கே இருக்கைகள் இல்லாத இடத்தில் சக்கர நாற்காலியில் ஒரு பெண் இருந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். மடியில் பழுப்புத் தோல் பை ஒன்றை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார்.

"முதல் நாளா?" என்று கேட்டார்.

"எப்படித் தெரிஞ்சது?"

"கட்டையை அக்குள்ல முட்டுக்கொடுத்து நிக்கறீங்க. சாயங்காலம் கையைத் தூக்க முடியாது. கைப்பிடியில பாரத்தைப் போடுங்க."

போட்டேன். உண்மையிலேயே வலி குறைந்தது.

பெயர் நொசுவே சிகுசா என்றார். நான் ஷிங்காய் என்றேன். பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது அவர் தொழில். அன்று மதியம் இரண்டு மணிக்குச் செண்டாயில் ஒரு கச்சேரி. பதினொரு மணிக்குள் அரங்கில் இருக்க வேண்டும். அவரும் அதே ஒன்பது முப்பத்தொன்றில்தான் போகிறார் என்று தெரிந்ததும் எனக்கு ஏனோ தைரியமாக இருந்தது.

மியஹாராவில் வண்டி நின்றது. ஓமியாவுக்கு ஒரே ஒரு நிலையம் பாக்கி. கதவுகள் திறந்தன, மூடவே இல்லை. பலத்த காற்றில் ஏதோ தோட்டத்துக் கூடாரத்தின் பிளாஸ்டிக் விரிப்பு பறந்து வந்து மின்கம்பியில் சுற்றிக்கொண்டதாம். ஒன்பதரை மணிவாக்கில் வண்டிகள் ஓடலாம் என்று சொல்லி, மன்னிப்பும் கேட்டு அறிவிப்பு வந்தது.

பெட்டியில் இருந்தவர்கள் படிக்கட்டை நோக்கி ஓடினார்கள். போன மாதமாக இருந்திருந்தால் முதல் ஆளாக நான்தான் ஓடியிருப்பேன். இப்போது காலியான பெட்டியில் நானும், சிகுசாவும், இரட்டைக் குழந்தை வண்டியோடு ஒரு இளம் தாயும் மட்டும் நின்றோம்.

ஊழியர் ஒருவர் சாய்வுப் பலகையோடு வந்து சிகுசாவை இறக்கிவிட்டார். "இங்கேயே இருங்கம்மா. வண்டிங்க ஓட ஆரம்பிச்சதும் நானே ஏத்தி விடறேன். வெளியில டாக்ஸிக்குப் பெரிய வரிசை நிக்குது," என்றார்.

"ரொம்ப நன்றி. நான் கிழக்கு மியஹாராவுக்குப் போறேன்," என்றார் சிகுசா.

அது புல்லட் ரயில் பாலத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு ஓடும் குட்டி ரயிலின் நிலையம். ஓமியாவுக்கே போகும். ஆனால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும்.

"நீங்க தனியாவா?" என்றார் ஊழியர்.

"தனியா எங்கே, இதோ இவர் வர்றாரே," என்று என்னைக் காட்டினார். "வர்றீங்கதானே ஷிங்காய்-சான்? உங்களால நடக்க முடியும். மெதுவா நடக்கணும், அவ்வளவுதான்."

குழந்தை வண்டிக்காரப் பெண் தயங்கியபடி, "அக்கா, நானும் வரலாமா? ஓமியா ஆஸ்பத்திரியில ஒன்பதரைக்கு இதுங்களைக் காட்டணும்," என்றாள்.

"வாம்மா. உனக்கும் லிஃப்ட்தானே வேணும்."

வெளியே காற்று முகத்தில் அறைந்தது. சிகுசா முன்னால் உருட்டிக்கொண்டு போனார். "வடக்குப் பக்க நடைபாதை வேண்டாம், மரத்து வேர் கல்லைப் பேர்த்து வச்சிருக்கு," என்றார். கொஞ்ச தூரம் போனதும், "இந்த மருந்துக்கடைக்கு முன்னாடி கட்டையை நல்லா ஊனுங்க, ஓடு வழுக்கும்," என்றார். ஒவ்வொரு அடியும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு மேட்டில் அவர் தோள்கள் இறுகின, மூச்சு வாங்கியது.

"தள்ளட்டுமா?" என்றேன்.

"எந்தக் கையால?"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. என் பையை மட்டும் வாங்கித் தன் நாற்காலியின் பின்னால் மாட்டிக்கொண்டார்.

அரை மணி நேரம் ஆனது. என் உள்ளங்கைகள் கன்றிப் போயிருந்தன. குட்டி ரயிலின் நிலையத்தில் லிஃப்ட் சின்னது. ஒருவர் பின் ஒருவராக மேலே போனோம். வண்டி வருவதற்குள் சிகுசா போனை எடுத்து ஓமியா நிலையத்தோடு பேசினார். "நொசுவே பேசறேன். பாதையை மாத்திட்டேன். ஒன்பது பன்னிரண்டுக்குக் குட்டி ரயில்ல வந்து இறங்குவேன். புல்லட் ரயில் வாசல்ல பலகை வேணும். ஆமா, அதே ஒன்பது முப்பத்தொன்று வண்டிதான்."

பதற்றமோ கெஞ்சலோ இல்லை. என் கம்பெனி டைரக்டர் கூட இவ்வளவு தெளிவாகப் போனில் பேசி நான் கேட்டதில்லை.

ஓமியாவில் இறங்கியபோது கூட்டம் கட்டுக்கு அடங்காமல் இருந்தது. தாயும் குழந்தைகளும் ஆஸ்பத்திரி பக்கம் திரும்பினார்கள். அவள் மூன்று முறை தலை குனிந்து நன்றி சொன்னாள். நாங்கள் புல்லட் ரயில் மேடைக்குப் போகும் லிஃப்டைத் தேடிப் போனோம். பெட்டியும் கையுமாகப் பத்துப் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். மணி ஒன்பது இருபத்துமூன்று. முதல் முறை கதவு மூடியது. இரண்டாவது முறையும் எங்களுக்கு இடமில்லை.

நான் மனதுக்குள் வண்டியைக் கைவிட்டுவிட்டேன். மூன்றாவது முறை கதவு திறந்தபோது சிகுசா குரலை உயர்த்தாமல் பேசினார். "மன்னிக்கணும். நாங்க ரெண்டு பேரும் படியில ஏற முடியாது. முப்பத்தொன்றைப் பிடிக்கணும். ஏற முடிஞ்சவங்க கொஞ்சம் படியில போவீங்களா?"

கோட்டும் பெட்டியுமாக நின்ற ஒரு ஆள் முகம் சிவக்க விலகினார். அவர் பின்னால் இன்னும் நாலு பேர் விலகினார்கள். அந்த ஆளுக்கு என் வயதுதான் இருக்கும். அவசர நாட்களில் லிஃப்ட் காலியாக இருந்தால் நானும் யோசிக்காமல் ஏறியிருக்கிறேன். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

மேலே சாய்வுப் பலகையோடு ஒரு ஊழியர் காத்திருந்தார். பச்சை நிறப் புல்லட் ரயில் வந்து நின்றது. நாங்கள் ஏறியபின் இருபது நொடியில் கதவு மூடியது.

நடத்துநரிடம் கேட்டு சிகுசாவுக்குப் பக்கத்துக் காலி இருக்கையில் உட்கார்ந்துகொண்டேன். வண்டி வேகம் எடுத்தது. வீடுகள், வயல்கள், வெள்ளை வெள்ளையாக மலைகள். மடிப்புப் பலகையில் வைத்த தேநீர் அலுங்கவே இல்லை. இத்தனை வருடத்தில் எங்கள் ஊர் ரயிலைப் பற்றி எனக்குப் பெருமை இல்லாமல் இருந்ததில்லை. ஆனால் அன்று நான் ஜன்னலைவிட அவரைத்தான் அதிகம் பார்த்தேன். சக்கரத்தை உருட்டியதில் உள்ளங்கையில் படிந்த கறுப்புக் கறையை ஈரத் துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இதுவரைக்கும் தூரத்து வேலைன்னா அண்ணன்தான் காரில கொண்டுபோய் விடுவார்," என்றார். "செண்டாய்க்குன்னா நாலரை மணி நேரம். அவருக்கு லீவு கிடைக்கலைன்னா வேலையே கிடையாது. இந்தத் தடவை அரங்கத்துல இருந்து, கூட யார் வர்றாங்கன்னு கேட்டாங்க. யாரும் இல்லைன்னு எழுதிட்டேன். எழுதிட்டு ராத்திரி பூரா தூக்கம் வரல."

"இப்போ?"

"இப்போ பசிக்குது," என்று சொல்லி, பையிலிருந்து இரண்டு சோற்று உருண்டைகளை எடுத்து ஒன்றை என்னிடம் நீட்டினார். உள்ளே உப்பிட்ட சால்மன் மீன்.

செண்டாயில் இறங்கியபோது மணி பத்து நாற்பது. கதவுக்கு எதிரே பலகை தயாராக இருந்தது. அவர் ஒருமுறை கையை ஆட்டிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

என் வேலை ஒரு மணிக்கு முடிந்தது. திரும்பும் வண்டிக்குப் பதிலாகக் கச்சேரிக்கு ஒரு சீட்டு வாங்கினேன். பியானோ கச்சேரிக்கு என் வாழ்நாளில் போனதில்லை. வாசித்தவர் நன்றாக வாசித்தார் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு அதைப் பற்றிச் சொல்லத் தெரியாது.

இடைவேளையில் மேடையின் ஓரத்திலிருந்து சிகுசா வந்தார். நாற்காலியில் ஒரு தடித்த மெத்தையைப் போட்டு உயர்த்தி உட்கார்ந்திருந்தார். பியானோவின் ஒரு கட்டையை அழுத்தித் தலையைச் சாய்த்துக் கேட்டார். பியானோவுக்குள் கையை நீட்டி எதையோ மயிரிழை அளவு திருகினார். மறுபடி அழுத்தினார். பாதிக் கூட்டம் வெளியே காபி குடிக்கப் போயிருந்தது. இருந்தவர்களும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அந்தச் சத்தம் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கைப் பெரியவரிடம் மெல்லச் சொன்னேன். "அந்த அம்மா சுருதி சேர்த்த பியானோதாங்க இது. தோக்கியோ பக்கத்துல சைத்தாமாவில இருந்து காலையில வந்தாங்க."

"உங்க சொந்தமா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. அவங்கதான் என்னை இங்கே கூட்டிட்டு வந்தாங்க," என்றேன்.