மூன்றாவது கம்பி

மூன்றாவது கம்பி சாய்ந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டரின் விசில்தான் கேட்டது. இரண்டாவது தடவையாகத் தோற்றுவிட்டேன். காரை நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, ஐம்பத்திரண்டு வயதுக்குரிய நிதானத்தோடு இறங்குவதாக நினைத்துக்கொண்டு இறங்கியதில் புடவைத் தலைப்பு சீட்பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. கயிற்றுக்கு வெளியே முறைக்குக் காத்திருந்த காலேஜ் பிள்ளைகள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. அவர்களில் ஒரு பெண் 'ஐயோ பாவம்' என்று முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தாள். எனக்குப் பரிதாபம் பிடிக்காது. அபிஜித்தைப் பெற்ற இந்த இருபத்துமூன்று வருஷத்தில் ஊரார் அதை எனக்கு மூட்டை மூட்டையாகக் கொடுத்துவிட்டார்கள்.

கேரளத்தில் கார் லைசென்ஸ் வேண்டுமென்றால் முதலில் 'ஹெச்' எடுக்க வேண்டும். மைதானத்தில் அந்த எழுத்தின் வடிவத்தில் கம்பிகள் நட்டிருப்பார்கள். ஒரு காலில் நேராகப் போய், பின்னாலேயே வந்து நடுவில் வளைந்து, மறு காலுக்குள் புகுந்து வெளியே வர வேண்டும். கம்பியைத் தொட்டால் போச்சு, ஒரு வாரம் கழித்து மறுபடியும் வர வேண்டும். எங்கள் டிரைவிங் ஸ்கூல் ஷிஜு இதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருந்தான். பின்கண்ணாடியில் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருப்பான். மூன்றாவது கம்பி அந்த ஸ்டிக்கருக்குப் பின்னால் மறைந்ததும் ஸ்டியரிங்கை ஒன்றரைச் சுற்று சுற்றணும், அவ்வளவுதான். நான் ஒன்றரை மாதம் காரோட்டப் படிக்கவில்லை, அந்த ஸ்டிக்கரைப் படித்தேன். அன்றைக்கு இன்ஸ்பெக்டர் டெஸ்டுக்கு முன்னால் காரைச் சுற்றி வந்து, ஸ்டிக்கரைக் கண்டு, நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டார். அதற்கப்புறம் பின்கண்ணாடியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் வெறும் ஆகாயம்.

"சாரமில்ல சேச்சி, அடுத்த தடவை எடுக்காம்" என்று தேற்றினான் ஷிஜு. அடுத்த தடவை கிடையாது என்று நான் உள்ளுக்குள் முடிவு செய்துவிட்டிருந்தேன்.

இந்த வயதில் எனக்கு எதற்குக் கார் என்று ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவே கேட்டது. காரணம் அபிதான். அவனுக்கு ஆட்டிசம். கழக்கூட்டம் பக்கத்தில் ஒரு பயிற்சி மையத்தில் காகிதக் கவர் ஒட்டுகிறான். அவன் ஒட்டின கவரை அளவுகோல் வைத்துப் பார்த்தாலும் ஒரு நூல் பிசகாது. பஸ்ஸிலோ ஆட்டோவிலோ ஏற்றினால் சத்தம் தாங்காமல் அலறுவான். எங்களுடைய பழைய ஆல்டோவில் முன்சீட்டில் உட்கார்ந்தால் மட்டும் அமைதியாக வருவான். ஐந்து வருஷமாக என் வீட்டுக்காரர் சுந்தரராமன்தான் தினமும் அழைத்துப்போய் வந்தார். மூன்று மாதத்துக்கு முன்னால் இவருடைய கண்ணில் அழுத்தம் அதிகமாகிவிட்டது, இனிமேல் வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு டிரைவர்கள் வைத்துப் பார்த்தோம். ஒருத்தன் மூன்றாம் நாள் நின்றுவிட்டான், இன்னொருத்தனை அபி கடித்தான். அதிலிருந்து அபி வீட்டிலேயே இருந்தான். காலை எட்டரைக்கு ஷூ போட்டுக்கொண்டு வாசல் கதவருகே நிற்பான். பத்து மணிக்கு நான்தான் அதைக் கழற்றுவேன். முப்பதாம் தேதிக்குள் அவன் வராவிட்டால் அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவோம் என்று மையத்திலிருந்து சொல்லியிருந்தார்கள். இவரோ காரை விற்றுவிடலாம் என்று தீர்மானித்து, ஐ.டி. பார்க்கில் வேலை பார்க்கும் அனீஷ் என்ற பையனை ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கச் சொல்லிவிட்டார்.

இதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக மனதில் ஏறி உட்கார, மைதானத்தைவிட்டுக் கிளம்பப் போனபோதுதான் வேறொரு பெண் டெஸ்டுக்குக் காரில் ஏறினாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கறுத்த, உறுதியான உடம்பு. நைட்டிக்கு மேல் துண்டு போட்டு வேலை செய்கிறவள் இன்றைக்குச் சுடிதார் போட்டு வந்திருக்கிறாள் என்பது அவள் அதை இழுத்துவிட்டுக்கொண்ட விதத்திலேயே தெரிந்தது. பாதிக்குமேல் நன்றாகத்தான் வந்தாள். கடைசியில் கார் ஒரு துள்ளு துள்ளிக் கம்பியைச் சாய்த்தது. விசில். நான் செய்ததுபோல் அவள் தலைகுனிந்து நடக்கவில்லை. இறங்கி, சாய்ந்த கம்பியைத் தூக்கி நேராக நிறுத்தி, அவிழ்ந்த ரிப்பனை இறுக்கிக் கட்டி, கையைத் தட்டிக்கொண்டு இன்ஸ்பெக்டரிடம் போனாள்.

"சார், அடுத்த டேட் எப்போ?"

நாகர்கோவில் பஸ் எப்போது என்று கேட்கிற குரல். இன்ஸ்பெக்டரே ஒரு நிமிஷம் திகைத்துப்போனார். "இது ஆறாமத்தே பிராவசியமல்லே?" என்றார். "ஆமா சார், ஆறு தடவை ஆச்சு" என்றாள். ஆறு என்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்பதுபோல.

எலுமிச்சை ஜூஸ் வண்டி அருகே நானே போய்ப் பேச்சுக் கொடுத்தேன். பேர் சுசீலாபாய். பாறசாலைக்காரி. ஆரியசாலை மொத்தக் கடைகளுக்கு வாழையிலைக் கட்டு போடுகிறாள். கூலி டிரைவர் நேரத்துக்கு வராமல் இலை வாடிவிடுகிறது, அதனால் குட்டியானை வேன் ஒன்று எடுத்துத் தானே ஓட்டப் போகிறாள்.

"ஆறு தடவை தோத்தும் நோக்கு வெறுத்துப் போகலையா?" என்று கேட்டேன்.

"வெறுப்பு வரத்தான் செய்யும். அது பாட்டுக்கு வரட்டும், நான் பாட்டுக்கு வாரேன்" என்றாள். "எனக்கு எல்லாம் தெரியும் அக்கா. கடைசில காலு கிடந்து ஆடுது, கிளட்சுல நிக்கமாட்டேங்கு. நீங்க ஏன் கம்பியப் பாக்காம பின்கண்ணாடியப் பாத்துட்டே வந்தீங்க?"

ஸ்டிக்கர் கதையைச் சொன்னேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். எனக்குக் கோபம் வரவில்லை என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. "ரோட்டுல எவன் அக்கா ஸ்டிக்கர் ஒட்டி வைப்பான்? சைடு கண்ணாடியில கம்பி தெரியுதுல்லா, அதப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, ஜூஸை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனாள். நான் திரும்பிப் போய் ஷிஜுவிடம் அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு என் பேரையும் எழுதச் சொன்னேன்.

வீட்டில் நான் இதைச் சொன்னதும் இவர், "நோக்கு முடியாதுன்னு நான் சொல்லலை. வேண்டாம்னாக்கும் சொல்றேன்" என்றார். இருபத்தெட்டு வருஷமாக இந்த வித்தியாசத்தை எனக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார். நான் மொட்டைமாடியிலிருந்து பூந்தொட்டிகளை இறக்கினேன். துடைப்பக்கட்டை, ஒட்டடைக்கோல், உடைந்த குடை என்று கிடைத்ததையெல்லாம் அவற்றில் நட்டு, மத்தியான வேளையில் தெருவில் வரிசையாக வைத்தேன். எதிர்வீட்டு நீலகண்டன் மாமா எட்டிப் பார்த்து, "மங்கலம், சர்க்கஸ் எப்போ ஆரம்பம்?" என்றார். "டிக்கெட் எடுத்துண்டு வாங்கோ மாமா" என்றேன். அபி வெளியே வந்து தொட்டிகளைப் பார்த்தான். நான் வைத்த வரிசை அவனுக்குச் சகிக்கவில்லை. ஒவ்வொன்றாக நகர்த்தி, நூல் பிடித்ததுபோல் வைத்துவிட்டு ஓரமாக நின்றான். நான் இடித்தபோதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டான், ஆனால் உள்ளே ஓடவில்லை. நான் இடிப்பதும் அவன் வந்து நேராக்குவதுமாக முதல் நாள் போயிற்று. தொட்டிகளில் இரண்டு உடைந்தன.

படிக்கிறவள் பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார வேண்டும் என்பது சட்டம். முதல் இரண்டு நாள் ஷிஜு வந்தான். வெள்ளிக்கிழமை அவன் வரவில்லை. நான் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டு காத்திருந்தேன். இவர் வாசலில் பேப்பரை மடித்துவிட்டு, மறுபடி பிரித்து, மறுபடி மடித்து, கடைசியில் வந்து இடதுபக்கம் உட்கார்ந்தார். நான் ரிவர்ஸ் எடுத்தேன். "உங்க பக்கம் கம்பி எவ்வளவு தள்ளி இருக்கு, சொல்லுங்கோ" என்றேன். இன்னும் கொஞ்சம் எடுத்தேன். "சொல்லுங்கோளேன்."

"எனக்கு இடது பக்கம் தெரியலைடீ."

காரை நிறுத்தினேன். இவர் முன்னால் பார்த்தபடியே பேசினார். "டாக்டர் சொல்றதுக்கு முன்னாலேயே தெரியலை. ஆறு மாசமா. அபி உட்கார்ற பக்கமே தெரியாமதான் அவனை வச்சுண்டு ஓட்டிண்டிருந்தேன். ஒருநாள் ஒரு ஸ்கூட்டர்க்காரி நூலிழையில தப்பிச்சா. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை." எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஆறு மாதம் என் பிள்ளையைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கூட்டிப்போயிருக்கிறார். அப்புறம், காரை விற்கத் துடித்தது என்னை நம்பாததால் இல்லை, அந்தக் காரைப் பார்க்கவே பயந்துதான் என்பது புரிந்ததும் கோபம் பாதியிலேயே நின்றுவிட்டது. "சரி, நீங்க சும்மா உட்காருங்கோ. நான் பார்த்துக்கறேன்" என்றேன். அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சைடு கண்ணாடியை நிஜமாகப் பார்த்தேன். ஒட்டடைக்கோல் அதில் தெளிவாக நின்றது. எத்தனை நாளாக அங்கேயே நின்றிருக்கிறது. அன்றைக்கு ஒரு தொட்டியும் உடையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அனீஷ் சொன்ன நேரத்துக்கு வந்தான். மரியாதையான பையன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, டயரைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டு, சாவிக்குக் கை நீட்டினான். இவர் என்னைப் பார்த்தார். சாவி என் இடுப்பில் இருந்தது. "இது விக்கறதுக்கில்லை, மோனே. சிரமத்துக்கு மன்னிச்சுக்கோ" என்றேன். செவ்வாய்க்கிழமை தோற்றால் என்ன செய்வாய் என்று இவர் கேட்கவில்லை. அனீஷ் காபி குடித்துவிட்டு, வேறு வண்டி பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

செவ்வாய்க்கிழமை மைதானத்தில் என் தைரியம் காலையிலேயே காலாவதியாகிவிட்டது. ஒன்பதாவது பேர் என்னுடையது. ஏழாவது ஆள் வேறொரு ஸ்கூல் காரில் போய்க்கொண்டிருந்தபோது, ஷிஜுவின் காருக்குள் எதையோ தேடுகிற பாவனையில் ஏறி, நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துப் பின்கண்ணாடியின் மூலையில் ஒட்டினேன். மெரூன் நிறம், கடுகளவு. இன்ஸ்பெக்டரின் கண்ணுக்குத் தப்பும். இறங்கியபோது சுசீலாபாய் வெளியே நின்றிருந்தாள். என் வெறும் நெற்றியைப் பார்த்தாள். குனிந்து காருக்குள் கைவிட்டுப் பொட்டை எடுத்து, என் நெற்றியில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினாள். சொந்த அக்கா தங்கைகூட எனக்கு அப்படிச் செய்ததில்லை. அவமானத்தில் கண் கலங்கிவிட்டது.

"போங்க அக்கா, கூப்பிடுகாவ" என்றாள்.

கம்பியைப் பார்த்தேன். முதல் கம்பி, இரண்டாவது, மூன்றாவது. மூன்றாவது கம்பி சைடு கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வந்து, ஒரு சாண் இடைவெளியில், ஒன்றும் செய்யாமல் என்னைக் கடந்துபோனது. விசில் கேட்கவில்லை. வெளியே வந்து நிறுத்திய பிறகும் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருந்ததை ஷிஜு சொல்லித்தான் கவனித்தேன். அப்புறம் ரோடு டெஸ்ட். அதுவும் ஆயிற்று.

சுசீலாபாய் பதினான்காவது. கடைசிக் கம்பியில் மறுபடியும் போயிற்று. ஏழாவது தடவை. நான் ஆறுதல் சொல்லக் கிட்டே போனேன். அவளுக்கு என் ஆறுதலெல்லாம் தேவைப்படவில்லை. "உங்களுக்குக் கிடைச்சுதுல்லா? சந்தோசம்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு இன்ஸ்பெக்டரைத் தேடிப் போனாள். யாரைப் பார்த்து வாழ்க்கையில் முன்னேறினீர்கள் என்று கேட்டால் எங்கள் தெருவில் எல்லாரும் அப்பா, அம்மா, குரு என்று சொல்வார்கள். படமாக மாட்டியும் வைத்திருப்பார்கள். நானும் இதுநாள்வரை அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். இனிமேல் கேட்டால் ஏழு தடவை தோற்ற ஒரு வாழையிலைக்காரியின் பேரைச் சொல்வேன். என் போனில் அவள் 'சுசீலாபாய் ஹெச்' என்று இருக்கிறாள். வரும் செவ்வாய்க்கிழமை அவளுக்கு எட்டாவது. நான் போகிறேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் லைசென்ஸ் போனில் வந்தது. மறுநாள் முப்பதாம் தேதி. எட்டரைக்கு அபி வாசலில் நின்றான். கதவைத் திறந்தேன். அவன் முன்சீட்டில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, டிரைவர் சீட்டில் நான் உட்காருவதை ஓரக்கண்ணால் பார்த்தான், எதிர்ப்புச் சொல்லவில்லை. இவர் தன் காரில் முதல்முறையாகப் பின்சீட்டில் ஏறினார். முழங்காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறினார்.

பைபாஸ்வரைக்கும் பிரச்சினையில்லை. ஒரு பெரிய சிக்னலில், பச்சை விழுந்ததும் வண்டி அணைந்துவிட்டது. பின்னால் ஹார்ன்கள் ஒன்றாகக் கிளம்பின. ஒருவன் பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கி என்னவோ திட்டிவிட்டுப் போனான். அபி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தான். தொண்டைக்குள்ளிருந்து அந்த முனகல் வந்தது. அது வளர்ந்தால் என்னவாகும் என்று எனக்கும் இவருக்கும் தெரியும். நான் சாவியைத் திருப்பினேன். என்ஜின் பிடித்தது. பின்னால் நிற்கிறவர்களுக்கு வழிவிட்டு இடதுபக்கம் ஒதுங்க வேண்டும்.

"மங்கலம்" என்றார் இவர் பின்னாலிருந்து, மெதுவாக. "இடது பக்கம் என்ன வர்றது?"

கண்ணாடியைப் பார்த்தேன். "ஒரு பஸ். அதுக்குப் பின்னால ஒரு டேங்கர்."

"சரி. நீ பார்த்துப் பண்ணு."

இண்டிகேட்டரைப் போட்டேன். டிக், டிக் என்று பச்சை அம்பு டேஷ்போர்டில் மின்னத் தொடங்கியது. பஸ் போயிற்று. அபி ஆடுவது கொஞ்சம் கொஞ்சமாக அந்த டிக்குக்குள் வந்து சேர்ந்தது. ஒரு கையைக் காதிலிருந்து எடுத்து, ஆள்காட்டி விரலை நீட்டி, அம்பு மின்னும்போதெல்லாம் அதைத் தொட்டான். டேங்கர் நீளமாக, அவசரமில்லாமல், எங்களை ஒட்டிக் கடந்துகொண்டிருந்தது. அதன் வாலுக்குப் பின்னால் ஒரு கார் நுழையும் அளவுக்கு வெறும் ரோடு தெரிந்தது. நான் கிளட்சை விடத் தொடங்கினேன்.