குறை என்ற கட்டம்

லிஃப்ட் பழுதுபார்க்கும் எங்கள் கம்பெனி கிளையை இழுத்து மூடியபோது அதில் இருந்தவர்கள் பதினொரு பேர். ஒன்பது பேர் கெட்டிக்காரர்கள், அடுத்த மாதமே எங்காவது ஒட்டிக்கொண்டார்கள். மிச்சம் நானும் கிரீஸும். கிரீஸ் என்பது என் கூட்டாளிக்கு நாங்கள் வைத்த பெயர். பதினான்கு வருடம் என்னோடு மோட்டார் அறைகளில் குனிந்து நிமிர்ந்தவன். அவன் சட்டையில் கறை படாத இடத்தை அவன் மனைவி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

ஐந்து மாதம் வீட்டில் உட்கார்ந்தேன். நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றி மாட்டினேன். அதன்பிறகு அது சத்தம் போட ஆரம்பித்தது. சத்தம் வருகிறது என்று வீட்டில் சொன்னார்கள். பொறுத்துப் பார்த்த மகள், தொழில் தொடர்புகளுக்கென்றே இருக்கும் ஒரு வலைத்தளத்தில் எனக்குக் கணக்கு திறந்து கொடுத்தாள். போட்டோ வேண்டுமாம். ஏதோ கல்யாணத்தில் எடுத்த படத்தை வெட்டிப் போட்டாள். என் தோளில் யாருடையதோ ஒரு கை மட்டும் வெட்டுப்படாமல் நின்றுவிட்டது.

உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, உலகத்தில் வேலைக்காரன் என்று ஒருவனும் கிடையாது. எல்லாரும் தலைவர்கள். எங்களோடு ஒன்றரை வருடம் இருந்து ஒரு ஸ்குரூவையும் நேராக முடுக்காத ஒருவன், தன்னை ‘செங்குத்துப் போக்குவரத்துச் சிந்தனையாளர்’ என்று போட்டிருந்தான். நான் இருநூற்று நாற்பது பேருக்கு அழைப்பு அனுப்பினேன். அறுபது பேர் ஏற்றுக்கொண்டார்கள். அதில் பாதிப்பேர் எனக்கு இன்சூரன்ஸ் விற்க வந்தவர்கள்.

அந்தத் தளத்தில் ஒருவருக்கு இன்னொருவர் சிபாரிசு எழுதலாம். எழுதப்பட்டவர் படித்துப் பார்த்து, சம்மதம் என்று பொத்தானை அழுத்தினால்தான் அது அவருடைய பக்கத்தில் தெரியும். நானும் கிரீஸும் போனில் பேசி வைத்துக்கொண்டோம். எனக்கு அவன், அவனுக்கு நான்.

அவன் எழுதியது முதலில் வந்தது. தொலைநோக்குள்ள தலைவர், குழுவை ஊக்கப்படுத்துபவர், சவால்களை வாய்ப்பாக மாற்றுபவர் என்று நாலு வரி. வேறு யாருக்கோ எழுதியதை மாற்றி அனுப்பிவிட்டான் என்றுதான் நினைத்தேன். நான் ஊக்கப்படுத்திய ஒரே குழு அவன்தான், அதுவும் திட்டி. இருந்தாலும் பொத்தானை அழுத்தினேன். புகழ்ச்சி பொய்யாக இருந்தால் மட்டும் கசக்கவா செய்கிறது?

எனக்கு அப்படியெல்லாம் எழுத வராது. முப்பது வருடமாக நான் எழுதிய ஒரே இலக்கியம் சர்வீஸ் ஷீட். அதில் நிலை, குறை, செய்தது என்று மூன்று கட்டம். கிரீஸுக்கும் அப்படியே எழுதினேன்.

‘நிலை: நன்று. பிரேக்கைச் சோதிக்காமல் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. குறை: மாதத்தில் இரண்டு நாள் தாமதம். ஸ்பேனரை எங்கே வைத்தேன் என்று தினமும் கேட்பான். கட்டடத்துக்காரர்களிடம் தேவைக்கு மேல் பேசுவான். செய்தது: ஸ்பேனருக்குக் கயிறு கட்டிக் கொடுத்தேன். மற்றவை அப்படியே இருக்கின்றன.’

இரண்டு நாள் கழித்து போன் வந்தது.

“அண்ணே, வேலை தேடுறவனைப் பத்தி இப்படியா எழுதுவாங்க? என் மாமனார் வரைக்கும் படிச்சிட்டாரு.”

“படிக்காம ஏன்டா அமுக்கினே?”

“நீங்க எழுதினதுன்னுதான்.”

எடுத்துவிடுகிறேன் என்றேன். எப்படி எடுப்பதென்று தெரியவில்லை. மகள் கல்லூரியிலிருந்து வரட்டும் என்று காத்திருந்த அந்த மதியத்திலேயே ஒரு பெரிய லிஃப்ட் கம்பெனி மேனேஜர் கிரீஸைக் கூப்பிட்டுவிட்டார். ஒரு வாரத்தில் அவனுக்கு வேலை.

மேனேஜரும் ஒருகாலத்தில் மெக்கானிக்காக இருந்தவராம். எங்கள் தொழிலில் ‘குறை’ கட்டம் காலியாக இருந்தால் ஆள் மேலே ஏறவே இல்லை, கீழேயே டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறான் என்று அர்த்தம். முந்நூறு பக்கங்களைப் படித்ததில் ஒன்றில்தான் யாரோ மேலே ஏறிப் பார்த்திருக்கிறார்கள் என்று சொன்னாராம். எழுதிய ஆளும் வேலை தேடுகிறார் என்று கிரீஸ் என்னைப் பற்றி எடுத்துச் சொல்லியிருக்கிறான். அவர் என் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, இது காலி ஷீட் என்று மூடிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிரீஸ் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தான். பழையதை எடுத்துவிட்டு, மேனேஜரிடம் மறுபடி காட்டப் புதிதாக எழுதப் போகிறானாம். உள்ளதை உள்ளபடி எழுதுடா என்று நான் பெருந்தன்மையாகச் சொன்னேன். ஒற்றை விரலால் முக்கால் மணி நேரம் தட்டினான். எதிரே என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு என் போனுக்கு வந்தது.

‘நிலை: நன்று. குறை: அடுத்தவர் முடுக்கிய போல்ட்டைத் தானும் ஒருமுறை முடுக்குவார். பாராட்டத் தெரியாது. வலது காது மூன்று வருடமாகக் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. மோட்டார்மேல் கை வைத்துத்தான் கோளாறு கண்டுபிடிக்கிறார், இதுவரை தப்பவில்லை. செய்தது: அவருடைய வலப்பக்கத்தில் நான் நின்றுகொண்டேன்.’

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் காதுதான் சோறு போடுகிறது. கேட்காத காதை வைத்துக்கொண்டு மூன்று வருடம் ஊரை ஏமாற்றிவிட்டதாக நான் பெருமையாக இருந்தேன்.

“உனக்கு எப்படிடா தெரியும்?”

“மூணு வருஷமா அந்தப் பக்கம் நின்னுதான் உங்களைத் திட்டுறேன். ஒருதடவை கூட நீங்க திரும்பல.”

மனைவி துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், “எனக்கும் தெரியும். நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன்” என்றாள்.

அந்த ஒரு வரியை வேண்டுமானால் எடுத்துவிடுகிறேன் என்றான் கிரீஸ். நான் யோசித்தேன். அந்த வரி இருந்தால் மேனேஜர் என்னைக் கூப்பிட மாட்டார். எடுத்துவிட்டால் ஒருவேளை கூப்பிடுவார். அதற்கப்புறம் ஏதோ ஒரு கட்டடத்தில், இருட்டில், ஒரு புதிய ஆள் என் வலது பக்கம் நின்று ‘நிறுத்துங்க’ என்று கத்துவான். ஒரு குறையை மறைத்துக் கையெழுத்துப் போட்டவனை நானே ஒருமுறை கம்பெனியை விட்டு அனுப்ப வைத்திருக்கிறேன். பொத்தானை அழுத்தினேன். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கிரீஸுக்கு இன்னொரு டீ கொடுக்கச் சொன்னேன். எனக்கும் கேட்டதாக ஞாபகம். எனக்கு வரவில்லை.

புதன்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். சின்ன அறை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மூலையில் கழற்றிப் போட்ட ஒரு கதவு மோட்டார். கிரீஸ் எழுதியதைத் தாளில் அச்செடுத்து வைத்திருந்தார். காதுக்கு டாக்டர் சீட்டு வேண்டும், தனியாக எந்தக் கட்டடத்துக்கும் போகக்கூடாது, எப்போதும் இரண்டு பேர் என்று வரிசையாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மறுபடி ஒருமுறை தாளைப் படித்தார்.

“இதுல விட்டுப்போனது ஏதாவது இருக்கா?”

இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

“பசி வந்தா கோபம் வரும் சார்.”

குறை என்பதற்கு எதிரே பேனாவால் அதையும் எழுதிக்கொண்டார். திங்கட்கிழமை எட்டு மணிக்கு வரச் சொன்னார். சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார்.