ஏழு ஐம்பது வரைக்கும்

மதியத்திலிருந்து வயிற்றில் குழந்தை அசையவில்லை. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன், சர்க்கரை போட்டுப் பால் குடித்தேன், வயிற்றைத் தட்டிக்கூடப் பார்த்தேன். ஒன்பதாம் மாதம். அசைவு குறைந்தால் யோசிக்காமல் கிளம்பி வந்துவிடுங்கள் என்று டாக்டர் போன வாரம்தான் சொல்லியிருந்தார்.

ஆறு மணிக்கு என் கணவன் விக்ரமிடம் சொன்னேன். அவன் பால்கனித் திரைச்சீலையில் இடுக்கு விடாமல் துணி கிளிப் மாட்டிக்கொண்டிருந்தான்.

"ஏழு அம்பது வரைக்கும் பொறு நிவி. புறநிழல் கிரகணம். நிலா எழும்பும்போதே பிடிச்சிருக்குமாம். ஆப்ல போட்டிருக்கு பாரு."

போனை நீட்டினான். விநாடிக் கணக்கு முதல் பூமியின் நிழல் படம் வரை எல்லாம் இருந்தது. வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவதே கஷ்டம் என்றும் கீழே போட்டிருந்தது. அதை மட்டும் ஐயா படிக்கவில்லை.

"குழந்தை அசையலன்னு சொல்றேன், விக்ரம்."

"தூங்கும். இப்ப வெளிய போய் உதடு பிளந்து பிறந்தா யாரு பதில் சொல்றது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிரோடு பிறக்குமா என்று நான் நடுங்குகிறேன், இவன் உதட்டுக்குக் கவலைப்படுகிறான். ஆபீசில் அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வேறு வாங்குகிறான். கார் சாவியைக் கேட்டேன். எடுத்துத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். அந்தக் கையைக் கடித்திருப்பேன், நேரமில்லை.

ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துக்கொண்டு லிஃப்டில் இறங்கினேன். பின்னாலிருந்து கத்தினான். அவனும் வெளியே வரக் கூடாதென்று அவன் அம்மா சொல்லியிருந்ததால் வாசலைத் தாண்டவில்லை.

கேட்டருகே ஆட்டோ நிறுத்தும் பச்சையப்பன் அயனம்பாக்கத்துக்காரர். என் முகத்தைப் பார்த்ததுமே வண்டியைக் கிளப்பினார்.

"கிரகணம்னு நீங்களும் ஆரம்பிச்சிடாதீங்கண்ணா" என்றேன்.

"இன்னா கிரகணம்மா? பஞ்சாங்கத்துலயே போடல. அம்மன் கோயிலு தொறந்துதான் கீது பாரு. கம்பிய கெட்டியா புட்ச்சிக்கோ, ரோடு பள்ளமா கீது."

ஏரிக்கரையில் திரும்பியபோது நிலா தெரிந்தது. அப்போதுதான் எழும்பி, சரியாகத் துவைக்காத வெள்ளைச் சட்டை மாதிரி லேசாக மங்கியிருந்தது. கிரகணமா புழுதியா என்று யாராலும் சொல்ல முடியாது. இதற்கா என்னைப் பூட்டி வைக்கப் பார்த்தான்? வீம்புக்கு முறைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். அடிவயிறு கல்லாகக் கிடந்தது.

அம்பத்தூர் ஆஸ்பத்திரியில் வயிற்றில் பெல்ட் கட்டிப் பார்த்தார்கள். குழந்தையின் இதயத் துடிப்பு விட்டு விட்டு இறங்குகிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். நர்ஸ் ஜெபா விக்ரமுக்குப் போன் செய்து சொன்னார். நான் காத்திருக்கவில்லை, நானே கையெழுத்துப் போட்டேன். ஏழு முப்பத்தொன்றுக்குப் பெண் குழந்தை பிறந்தாள். தொப்புள்கொடி கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்ததாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர்.

விக்ரம் எட்டரைக்கு வந்தான். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஆபரேஷன் என்று தெரிந்தும், கிரகணம் விடும்வரை உட்கார்ந்திருந்து, தலைக்குக் குளித்துவிட்டு வந்திருக்கிறான்.

என்னைப் பார்க்கவில்லை. நேராகத் தொட்டிலுக்குப் போய், துணியை விலக்கிக் குழந்தையின் உதட்டைப் பார்த்தான். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"மூச்சு விடறாளான்னு பார்த்தியா?" என்று கேட்டேன்.