ஒன்பது வட்டங்கள்

என் தம்பிக்கு அறிவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். நூலகத்தில் பதினெட்டு வருஷமாகப் புத்தகங்களுக்கு எண் போட்டு அடுக்குகிறவன். ஒரு தேதி, ஒரு எழுத்து தப்பாது. அப்பேர்ப்பட்டவன்தான், ஒரு ரகசியக் கிரகம் பூமியை நோக்கி வந்துகொண்டிருக்கிறது, அதை எல்லா அரசாங்கங்களும் கூடி மறைக்கின்றன என்று மூன்று மாதமாக என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தான்.

என் வீட்டு மாடி அறையில் இருக்கிறான். கட்டிலைத் தவிர மிச்ச இடமெல்லாம் தண்ணீர் கேன், மெழுகுவத்திப் பெட்டி. உலகமே போன பிறகு மெழுகுவத்தியை எங்கே ஏற்றுவதாக உத்தேசம் என்று கேட்டேன். "மோதாதுக்கா, பக்கத்துல கடந்து போகும். மூணு நாள் இருட்டா இருக்கும், அவ்வளவுதான்" என்றான். எதைக் கேட்டாலும் ஒரு பதில் தயாராக வைத்திருந்தான்.

ஒரு நாள் போனில் சூரியனைப் படம் எடுத்துவந்து, பக்கத்தில் இன்னொரு குட்டிச் சூரியன் இருப்பதாகக் காட்டினான். நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். எனக்குச் சோறு போடுவதே லென்ஸ்தான். அவனை மொட்டை மாடிக்கு இழுத்துப்போய்ப் போனை இப்படியும் அப்படியும் அசைக்கச் சொன்னேன். குட்டிச் சூரியனும் கூடவே ஓடியது.

"பாத்தியா? வெளிச்சம் லென்ஸுக்குள்ள பட்டுத் தெறிக்குது. உன் கை ஆட்டத்துக்கெல்லாம் கிரகம் ஆடுமா?"

பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். "நீ இப்படித்தான் சொல்லுவேன்னு அந்த வீடியோலயே சொல்லிட்டாங்கக்கா" என்றான். எனக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அன்றோடு ஒரு முடிவுக்கு வந்தேன். இனி கிரகம் என்று அவன் வாயைத் திறந்தால் நான் காதைக் கழற்றி வைத்துவிடுவது.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது வந்து நின்றான்.

"அக்கா, வானத்துல பளிச்பளிச்னு மின்னுது. கறுப்பா பொடிப்பொடியா மிதக்குது. அது வர்றதுக்கு முன்னாடி வர்ற தூசி."

"நல்லதா போச்சு, பெருக்கி ஒரு மூலையில தள்ளி வை" என்றேன்.

செவ்வாய்க்கிழமை நான் செருப்பு மாட்டும்போது நோட்டுப் புத்தகத்தோடு வந்தான். "இனிமே போனே வேணாம்க்கா. வெறும் கண்ணுல தெரியுது. கீழ்வானத்துலேர்ந்து எழும்புது. வரைஞ்சு வச்சிருக்கேன் பாரு."

"எனக்கு வேலைக்கு நேரமாச்சு. அதை உன் கிரகத்துக்கே அனுப்பி வை."

அதன் பிறகு தினமும் காலையில் அந்த நோட்டை நீட்டினான். தினமும் தள்ளிவிட்டுப் போனேன். போய், முன்பின் தெரியாதவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடி, "என்ன தெரியுது? அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லுங்க" என்று தேன் ஒழுகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் புதன்கிழமை, சாப்பாட்டு மேஜையில் தண்ணீரைத் தம்ளருக்கு வெளியே ஊற்றினான். தண்ணீர் என் மடியில் வழிந்தது. "கண்ணை எங்கடா வச்சிருக்க?" என்று கத்தினேன்.

அவன் என் முகத்தையே பார்த்தான். "அக்கா, உன் தாடை சரியா தெரியல."

"என்னது?"

"அது உன் மேலயும் இருக்கு. காலையில பல் தேய்க்கும்போது கண்ணாடியில என் முகத்து மேலயும் இருந்துச்சு. வானத்துல மட்டும்தான் இருக்கும்னு நெனச்சேன்." மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவன் பயந்திருந்தான்.

ஈரக் கையாலேயே அவன் வலது கண்ணை மூடினேன். எல்லாம் தெரிகிறது என்றான். இடது கண்ணை மூடினேன்.

"மூக்குக்குக் கீழ ஒண்ணுமே இல்லக்கா."

இவன் கண்ணாடி மைனஸ் ஒன்பது. நானே செய்து கொடுத்தது. அவ்வளவு பவர் உள்ள ஒவ்வொருவரிடமும் ஒரு விஷயம் சொல்லித்தான் அனுப்புவேன். மின்னினாலோ, கறுப்புப் புள்ளிகள் மிதந்தாலோ, ஓரத்தில் நிழல் ஏறினாலோ அன்றைக்கே ஓடிவாருங்கள், கண்ணுக்குள் இருக்கும் திரை கழன்றுகொண்டிருக்கலாம் என்று. இவனிடம் மட்டும் சொன்னதில்லை. வீட்டில்தானே இருக்கிறான் என்று விட்டிருந்தேன்.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, எப்போதிலிருந்து என்று கேட்டார். தம்பி பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தான். அப்போதுதான் நானும் பார்த்தேன். ஒன்பது பக்கம், ஒன்பது வட்டம், ஒவ்வொன்றுக்கும் தேதியும் மணியும். முதல் வட்டத்தின் அடியில் நகக்கண் அளவு கறுப்பு. ஒன்பதாவதில் பாதிக்கு மேல் ஏறிவிட்டது.

"இவ்வளவு சுத்தமா யாரும் எழுதிக் கொண்டுவந்ததில்ல" என்றார் டாக்டர். மூன்றாவது பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தார். "இந்த அன்னிக்கு வந்திருந்தா நடுப்பார்வை தப்பிச்சிருக்கும். இன்னிக்கே ஆபரேஷன் பண்ணிடலாம். ஆனா பார்வை எவ்வளவு திரும்பும்னு என்னால வாக்கு குடுக்க முடியாது. வீட்ல யார்கிட்டயும் இதைக் காட்டலையா?"

"இல்ல டாக்டர்" என்றான் தம்பி, சுவரைப் பார்த்துக்கொண்டு.

"காட்டினான் டாக்டர்" என்றேன். "தினமும் காட்டினான். நான்தான் கையில வாங்கவே இல்ல."

கண்ணில் மருந்து விட்டு எங்களை வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். தம்பி மெதுவாக ஆரம்பித்தான்.

"அக்கா, அப்போ நான் பாத்தது கிரகம் இல்ல. சரி. ஆனா நிஜமான கிரகம் இன்னும் வந்துட்டுதானே இருக்கும்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நோட்டைக் கிழித்தெறிந்திருப்பேன். அவன் மேல் எவ்வளவு, என் மேல் எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை. நோட்டை விரித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"சொல்லு" என்றேன். "அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லு."