மன்சூர் அலியின் பிரேக்

அன்று கார் கொட்டகையில் இருந்தவர்கள்: சுப்ராயன், அதாவது நான், பக்கத்து வீட்டுக்காரன், பவர் ஹவுஸில் இரவு ஷிப்ட் பிடிக்காமல் விட்டுவிட்டு வந்தவன். பீர் மைதீன், இறந்தவனின் தம்பி. கமருன்னிசா, இறந்தவனின் தாய், வீட்டுக்குள் போகும் சின்னக் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கதவுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல், பத்ருன்னிசா, இறந்தவனின் மனைவி. அவள் இடுப்பில் குழந்தை ஜொஹரா.

இறந்தவனை நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

மன்சூர் அலி சைகோனிலிருந்து கப்பலில் கொண்டுவந்த கார் அது. இரண்டு பேர்தான் உட்காரலாம். முன்பக்கம் நீளம், கூரை துணி. காரைக்காலில் அதைத் தொடத் தெரிந்த மெக்கானிக் இல்லை. இருந்திருந்தாலும் அவன் விட்டிருக்க மாட்டான். எண்ணெய் மாற்றுவது, பிளக் துடைப்பது, பிரேக்கிலிருந்து காற்றை வெளியேற்றுவது, எல்லாம் இந்தக் கொட்டகையில் அவனே செய்தான்.

பிரேக் வேலைக்கு மட்டும் இன்னொரு ஆள் வேண்டும். ஒருவர் உட்கார்ந்து பெடலை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே படுத்து, பிரேக் குழாயின் திருகைத் திறப்பார். எண்ணெயோடு காற்றும் வெளியே வரும். திருகை மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். முன்னாலேயே எடுத்தால் காற்று உள்ளே போய்விடும். மன்சூர் அலிக்குப் பெடல் அழுத்தியவள் பத்ருன்னிசா. கொட்டகை தெருவை ஒட்டியிருந்ததால் அவள் குரல் வெளியே கேட்கக்கூடாது என்று ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். அழுத்தியதும் காரின் முன் பலகையில் ஒரு தட்டு. காலை எடுத்ததும் இரண்டு தட்டு. என் வீட்டுச் சுவர் வழியாகப் பல வருஷம் அதைக் கேட்டிருக்கிறேன்.

திருநள்ளாறு சாலையில் மாட்டுவண்டி ஒன்று குறுக்கே வந்தபோது பிரேக் பிடிக்கவில்லை. காரோடு வாய்க்காலில் போனான். காரை மாடு கட்டி இழுத்தார்கள். அவனைக் கையால் தூக்கினார்கள்.

முதல் நாள் பிரேக் வேலை நடந்திருந்தது. கமருன்னிசாவுக்கு அது போதும்.

"காலை முன்னாடியே எடுத்துட்டா. காத்து உள்ள போயிடுச்சு. என் புள்ளயக் கொன்னவ கையில அவன் புள்ளயக் குடுக்க மாட்டேன்" என்றார். அதை எல்லோரிடமும் சொன்னார்.

மருமகள் இத்தாவில் இருந்தாள். கணவன் இறந்தபின் வேற்று ஆண்கள் கண்ணில் படாமல் பெண்கள் இருக்கும் காலம். அது முடிந்ததும் நாகூரிலிருந்து அவள் தகப்பனார் வந்து அழைத்துப் போவார். ஜொஹரா கூடப் போவாளா, இங்கேயே நிற்பாளா என்பதுதான் கேள்வி. பத்ருன்னிசா கொழுந்தன் மூலம் ஒரே வார்த்தை சொல்லி அனுப்பினாள்: பிரேக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்க.

அதற்காகத்தான் நான் வந்தேன்.

"நீ என்ன பெரிய எஞ்சினியரா தம்பி? ராத்திரி வேலைக்கே நிக்க முடியல உனக்கு" என்றார் கமருன்னிசா.

"இது பகல் வேலைதாம்மா."

பீர் மைதீன் சிரித்தான். தாய் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான்.

ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் கட்டைகள் கொடுத்தேன். வாய்க்கால் சேறு இன்னும் ஒட்டியிருந்தது. பிரேக் எண்ணெய் முழுக்க ஒழுகிப் போயிருந்தது. மன்சூர் அலி வைத்திருந்த டின்னிலிருந்தே ஊற்றினேன். அழுத்தினால் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க வேண்டும்.

"பீரு, உக்காந்து அழுத்து."

"காக்கா செத்த இடத்துல நானா? முடியாதுண்ணே" என்றான். அண்ணனை அவன் காக்கா என்றுதான் கூப்பிடுவான்.

அப்போது பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்டது. கமருன்னிசா எழுந்து தொழப் போனார். சின்னக் கதவு சாத்திக்கொண்டது.

பீர் மைதீன் அந்தக் கதவைத் தட்டி, அண்ணியிடம், "மச்சி, கொஞ்சம் வந்து அழுத்துங்க. நாங்க திரும்பிக்கிறோம்" என்றான். பிறகு தெருவாசலுக்குப் போய், முதுகைக் காட்டி நின்று பீடி பற்றவைத்தான். நான் பின்சக்கரத்துக்கு அடியில் படுத்து, சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இத்தாவில் இருக்கும் பெண்ணைப் பார்க்கக்கூடாது. அந்தத் தெருவில் வளர்ந்தவனுக்கு அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கார்க் கதவு திறந்தது. இருக்கையின் ஸ்பிரிங் அமுங்கியது.

"அழுத்துங்க."

ஒரு தட்டு.

திருகைத் திறந்தேன். குமிழ் குமிழாக எண்ணெய் வந்தது. மூடினேன்.

"விடுங்க."

இரண்டு தட்டு.

நன்றாக அழுத்தினாள். ஒரு தடவைகூட முந்தவில்லை. நான்கைந்து முறையில் குமிழ் நின்று எண்ணெய் நூல் போல வந்தது. அடுத்த பின்சக்கரம். பிறகு முன்னால் இடது. எண்ணெயில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. டின்னில் இருந்தபோதே அடித்ததா என்று யோசித்தேன். கடைசியில் முன்னால் வலது. இந்தத் தடவை திருகைத் தொடுவதற்கு முன்பே சக்கரத்துக்குள்ளிருந்து எண்ணெய் வழிந்தது.

"அப்படியே பிடிங்க. விட்டுடாதீங்க."

ஒரு தட்டு.

மூடியைக் கழற்றி உள்ளே இருந்த குழாயைத் திறந்தேன். பிரேக்கைத் தள்ளும் ரப்பர் மூடி ஊறிய அப்பளம் மாதிரி உப்பிக் கிழிந்திருந்தது. விரலால் தொட்டால் பிய்ந்து வந்தது. எடுத்துக்கொண்டு தெருவாசலுக்குப் போனேன். காரின் பக்கம் திரும்பவில்லை.

"காத்து இல்லடா பீரு. ரப்பர் அழுகிப்போச்சு. எண்ணெயில எவனோ மண்ணெண்ணெயக் கலந்திருக்கான்."

பீர் மைதீன் அதை வாங்கிப் பார்த்தான். பீடி அணைந்துவிட்டது.

"காக்காதான். பிரெஞ்சுக்காரன் போனப்புறம் பாண்டியிலேருந்து பிரேக் எண்ணெய் வரல. ஆமணக்கெண்ணெயில ஸ்பிரிட்டக் கலந்து ஊத்திக்கிட்டிருந்தாரு. அதுல ஒண்ணும் கெடல. அப்புறம் ஒரு நாள் உம்மா அந்த பாட்டில மோந்து பாத்துட்டாங்க."

சுற்றிலும் மதராஸ் ராஜ்யத்தில் மதுவிலக்கு. எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு சாராயக்கடை. அதனாலேயே இந்த வீட்டில் சாராய வாடை அடிக்கக் கூடாது.

"ஹராமான சாமான் வீட்டுக்குள்ள கூடாதுன்னு கொல்லையில ஊத்திட்டாங்க. 'எண்ணெய் தண்ணியா ஓடத்தான வேணும், விளக்கு டின்னுலேருந்து மண்ணெண்ணெய ஊத்திக்க'ன்னாங்க. காக்கா எதுத்துப் பேச மாட்டாரு."

சின்னக் கதவு திறந்திருந்தது. கமருன்னிசா கேட்டுக்கொண்டு நின்றார். தொழுகைத் துப்பட்டாவை இன்னும் எடுக்கவில்லை. எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

ரப்பரை அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"மருமகமேல குத்தமில்லம்மா. இவ்வளவு நேரம் அவங்கதான் அழுத்துனாங்க. ஒரு தடவை முந்தல. அன்னைக்கும் முந்தியிருக்க மாட்டாங்க" என்றேன்.

"யாரு அழுத்துனா?"

"அவங்கதான்."

"அவ என் பக்கத்துல நின்னு தொழுதா. கதவ நான்தான் பூட்டிட்டுப் போனேன். சாவி இந்தா என் கையில இருக்கு."

கதவுக்குப் பின்னாலிருந்து பத்ருன்னிசாவின் குரல் வந்தது. கணவன் இறந்த பிறகு அதைக் கேட்டது அப்போதுதான்.

"நான் வரல. தட்டுற சத்தம் எனக்கும் கேட்டுச்சு. நீங்கதான் தட்டுறீங்கன்னு நெனச்சேன்."

மூவரும் காரைப் பார்த்தோம். உள்ளே யாருமில்லை. ஓட்டுபவர் பக்கத்துக் கதவு திறந்திருந்தது. இருக்கைத் தோல் நனைந்து, வாய்க்கால் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கார் காய்ந்து பல வாரமாகிவிட்டது.

நான் கீழே பார்த்தேன். பிரேக் பெடல் தரையோடு அமுங்கிக் கிடந்தது. அதைத் தூக்கிவிடும் ஸ்பிரிங் நன்றாகத்தான் இருந்தது. காலையில் நானே எண்ணெய் போட்டேன். பெடல் மேலே வரவில்லை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. கடைசித் தடவை நான் விடச் சொல்லவே இல்லை.

பீர் மைதீன் ஏதோ ஓத ஆரம்பித்தான். வார்த்தை பாதியில் தடுக்கியது. கமருன்னிசா அழவில்லை. என் கையிலிருந்த ரப்பரை இப்போது வாங்கினார். மூக்கருகே கொண்டுபோய் மோந்தார்.

"பத்ரு."

"மாமி."

"உன் வாப்பா நாகூர்லேருந்து வந்ததும் புள்ளயத் தூக்கிக்கிட்டுப் போ. யாரும் மறிக்க மாட்டாங்க."

உள்ளே குழந்தை எதற்கோ சிணுங்கியது.

"நீங்க ரெண்டு பேரும் வெளிய போங்க."

"உம்மா, வேணாம்" என்றான் பீர் மைதீன்.

"போடா. எவ்வளவு நேரம் அமுக்கிக்கிட்டே இருப்பான்? கால் வலிக்கும்ல."

நாங்கள் தெருவில் இறங்கினோம். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டு காரின் மறுபக்கத்து இருக்கையைக் கையால் தட்டித் தூசி போக்கினார். காருக்குள்ளிருந்து ஒரு தட்டு கேட்டது. அவர் கை அப்போது பலகையருகே இல்லை.

"இருக்கேன் மன்சூரு, இருக்கேன் வாப்பா" என்றார்.

பிறகு வந்து கொட்டகையின் தெருவாசல் கதவுகள் இரண்டையும் உள்ளிருந்து சாத்தினார். பழைய பிரெஞ்சுப் பூட்டில் சாவி ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு சுற்று.